பென்னி லேன்: திரும்பும் வழி அடைபட்ட தெரு

இளமையை எண்ணி ஏங்குதல் மனித குலத்திற்குப் பொதுவான உணர்ச்சி. ஆயினும் மேலைநாட்டு மொழிகள் அதற்கு இன்று வழங்கும் பெயரைச் சூட்டியது மிகவும் பிற்காலத்தேதான். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மருத்துவம் பயின்ற யோகான்னஸ் ஹோஃபர் என்பவர் 1688ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் ‘நாஸ்டால்ஜியா’ என்னும் சொல்லைப் படைத்தார். திரும்பி வருதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் வலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் இணைத்து ஆக்கப்பட்ட அச்சொல், தாயகத்தைப் பிரிந்து வாழ்வோரைப் பற்றும் ஒரு நோயின் பெயராகவே முதலில் இருந்தது. இடத்தைப் பிரிந்த துயரைக் குறித்த அச்சொல், நாளடைவில் காலத்தைப் பிரிந்த துயரைக் குறிப்பதாயிற்று. ஊருக்குத் திரும்பிச் செல்ல வழி உண்டு. இளமைக்குத் திரும்பிச் செல்ல வழி இல்லை.

தமிழ் கற்றோர்க்கு இவ்விடத்தில் புறநானூற்றின் 243ஆம் பாடல் நினைவுக்கு வராமல் போகாது. ஊன்றுகோலாலேயே பெயர் பெற்ற தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் முதியவர், தோழரோடு குளத்தில் ஆடியதையும், நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறிக் கரையில் நின்றோர் திகைக்கப் பாய்ந்து ஆழத்து மணலை அள்ளி வந்ததையும் எண்ணி வருந்துகிறார். இப்பாடலைத் தொகுத்தோர் இதனைக் கையறுநிலைத் துறையில் வைத்தனர். இறந்தாரை எண்ணிப் புலம்புதற்குரிய துறையில் இளமையின் இழப்பையும் சேர்த்த நுட்பம் எண்ணி எண்ணி வியக்கத்தக்கது.

அப்புலவர் நடுக்கமும் இருமலும் உற்ற முதுமையில் நின்று பாடினார். ஆனால் 1967ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் இசைத்தட்டின் இரு பக்கங்களிலும், சிறுவயதில் திரிந்த தெருவையும் தோட்டத்தையும் பற்றிய இரு பாடல்கள் இருந்தன. ஒரு பக்கம் ‘பென்னி லேன்’; மறுபக்கம் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’. பாடியவர்கள் லிவர்பூல் நகரத்து பீட்டில்ஸ் என்னும் ராக் இசைக் குழுவினர். முன்னதை முதன்மையாக எழுதிய பால் மெக்கார்ட்னிக்கு அப்போது வயது 24. பின்னதை எழுதிய ஜான் லெனனுக்கு 26. இருபத்தைந்தை ஒட்டிய வயதினர் முதியவரின் பாடலைப் பாட நேர்ந்தது ஏன்? இவ்வினாவுக்குரிய விடையை அவர்தம் வாழ்விலும் அவர்கள் பிறந்த நகரின் வரலாற்றிலும் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடல்கள் பிறந்த வகை

விதை 1965ஆம் ஆண்டிலேயே விழுந்துவிட்டது. கதையும் கேலிச்சித்திரமும் எழுதும் லெனன், தம் சொந்த இளமையைப் பாடலில் ஏன் எழுதவில்லை என்று கென்னத் ஆல்சாப் என்னும் இதழாளர் வினவினாராம். அவ்வினாவின் விளைவே அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த ‘இன் மை லைஃப்’ என்னும் பாடல். அதன் முதல் வரைவு, லெனனின் வீட்டிலிருந்து நகரின் மையத்திற்குச் செல்லும் பேருந்துப் பயணமாக அமைந்திருந்தது. வழியில் வரும் பென்னி லேன், மணிக்கூண்டு, டிராம் கொட்டகை, திரையரங்கு ஆகியவற்றை அவர் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருந்தார். துறைமுகத் தொழிலாளர் மழைக்கு ஒதுங்கிய உயர்மட்ட இரயில்பாதை இடித்துத் தள்ளப்பட்டதையும் அதில் குறித்திருந்தார். அக்கையெழுத்துப்படி பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. வெறும் ஊர்ப்பட்டியலாக இருப்பதாகக் கருதி, லெனன் இடப்பெயர்கள் அனைத்தையும் நீக்கிவிட்டார். இறுதி வடிவில் இடங்கள் உண்டு, பெயர்கள் இல்லை.

நீக்கப்பட்ட பெயர்கள் ஓராண்டு கழித்துத் திரும்பி வந்தன. 1966 ஆகஸ்டு 29இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் பாடியதோடு பீட்டில்ஸ் குழுவினர் ஊர் ஊராகச் சென்று பாடுவதை நிறுத்திக்கொண்டனர். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில், திரைப்படம் ஒன்றில் நடிப்பதற்காக ஸ்பெயின் நாட்டின் அல்மேரியாவில் தங்கியிருந்தபோது லெனன் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்’ பாடலை எழுதத் தொடங்கினார். நவம்பரில் அதன் ஒலிப்பதிவு தொடங்கியது. டிசம்பர் இறுதியில் மெக்கார்ட்னியின் ‘பென்னி லேன்’ ஒலிப்பதிவு தொடங்கியது.

இவ்விசைத்தட்டு அமெரிக்கப் பட்டியலில் ‘பென்னி லேன்’ வாயிலாக முதலிடம் எய்தியது. பிரிட்டனிலோ இரண்டாம் இடத்தையே பெற்றது. அங்கே முதலிடத்தை விட்டுக்கொடாது நின்ற பாடல் ‘ரிலீஸ் மீ’. அதைப் பாடிய எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் என்பார் 1936இல் நம் சென்னையில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு இங்கிலாந்துக்குச் சென்றவர். லிவர்பூல் இளைஞர்தம் ஊர்நினைவை இரண்டாம் இடத்தில் நிறுத்தியவர் சென்னையில் பிறந்தவர் என்பது வரலாற்றின் சிறு வேடிக்கை.

கவலையற்ற இளமையா?

‘பென்னி லேன்’ பாடலைக் கேட்போர் உள்ளத்தில் எழுவது ஒளி நிறைந்த ஒரு தெருக்காட்சி. முடிதிருத்துநர் தாம் அழகுசெய்த தலைகளின் படங்களைக் காட்டி மகிழ்கிறார். வங்கி அலுவலர் மழையிலும் மழைச்சட்டையின்றி வருகிறார். தீயணைப்பு வீரர் தம் வண்டியைத் துடைத்துப் பளபளக்கச் செய்கிறார். துன்பத்தின் நிழல் எங்கும் விழுவதில்லை. ஆனால் அத்தெருவில் உண்மையில் வளர்ந்த சிறுவர்களின் வாழ்வு அத்தகையதன்று.

லெனன் பிறந்தது 1940 அக்டோபரில். நகரின்மேல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்த காலம் அது. 1941 மே மாதத்தின் முதல் வாரத்தில் மட்டும் லிவர்பூல் வட்டாரத்தில் 1,700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். போர் முடிந்த பின்னும் இடிபாடுகள் பல்லாண்டுகள் அகற்றப்படாமல் கிடந்தன. அவையே சிறுவர்களின் விளையாட்டுக் களங்களாயின. உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்தது. இனிப்புப் பண்டங்கள் பங்கீட்டிலிருந்து விடுபட்ட 1953ஆம் ஆண்டில் மெக்கார்ட்னிக்கு வயது பத்து.

குடும்ப வாழ்விலும் பெருந்துயர்கள் நேர்ந்தன. பேறுகாலச் செவிலியாகப் பணியாற்றிய மெக்கார்ட்னியின் தாயார் மேரி, 1956 அக்டோபர் 31இல் புற்றுநோயால் காலமானார். அப்போது மகனுக்கு வயது 14. தாயின் தமக்கையிடம் வளர்ந்த லெனன், தம் தாய் ஜூலியாவோடு மீண்டும் நெருங்கிப் பழகத் தொடங்கிய பருவத்தில், 1958 ஜூலை 15இல் அவர் சாலையில் கார் மோதி இறந்தார். அவ்விபத்து நிகழ்ந்தது லெனன் வாழ்ந்த மென்லவ் அவென்யூ சாலையிலேயே. மகனுக்கு அப்போது வயது 17. குழுவின் தாளக் கலைஞர் ரிங்கோ ஸ்டாரோ, ஆறாம் வயதில் குடல்வால் வெடித்து ஓராண்டளவு மருத்துவமனையில் கிடந்தார். பதின்மூன்றாம் வயதில் நுரையீரல் நோயுற்று மீண்டும் நெடுநாள் படுத்தார். அவருக்குத் தாளக்கருவியில் ஆர்வம் பிறந்ததே நோயாளிச் சிறுவர்க்கு அங்கே அளிக்கப்பட்ட இசைப்பயிற்சியால்தான்.

இத்துயரங்களுள் ஒன்றேனும் 1967ஆம் ஆண்டின் இவ்விசைத்தட்டில் நேராகக் கூறப்படவில்லை. தாயை இழந்த இருவர் தம் சிறுபருவத்தைப் பாடுகின்றனர். அப்பாடல்களில் தாய் இல்லை. ‘பென்னி லேன்’ பாடலில் ஒரு செவிலி மட்டும் சாலை வளைவில் நின்று பாப்பி மலர்களை விற்கிறாள். மேரி மெக்கார்ட்னியின் தொழிலை அறிந்தோர் அவ்விடத்தில் சற்றே நின்று கேட்பர். மறைத்த துயர் பின்னரே வெளிப்பட்டது. லெனன் 1968இல் தாயின் பெயரையே தலைப்பாகக் கொண்டு ‘ஜூலியா’வைப் பாடினார். கனவில் தோன்றிய தாயை எண்ணி மெக்கார்ட்னி எழுதிய ‘லெட் இட் பி’ 1970இல் வெளிவந்தது. கவலையற்ற இளமை என்பது வாழ்ந்து பெற்ற ஒன்றன்று. துயரை ஒதுக்கிவைத்துப் பாடலில் ஆக்கிக்கொண்ட ஒன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

காலம் அளித்த ஓய்வு

எனினும் அவ்விளமையின் மகிழ்ச்சி முழுதும் கற்பனையே என்று கூறிவிடவும் இயலாது. அத்தலைமுறைக்குக் காலம் சில வாய்ப்புகளை வழங்கியிருந்தது. முதலாவது, கட்டாயப் படைப்பணி நீங்கியமை. அந்நாளில் பிரிட்டனில் 18 வயது நிரம்பிய ஆண்மக்கள் படையில் சேர வேண்டியிருந்தது. 1939 அக்டோபர் முதல் நாளுக்குப் பின் பிறந்தோர்க்கு அக்கடமை இல்லையாயிற்று. பீட்டில்ஸ் நால்வரும் அந்நாளுக்குப் பின் பிறந்தவர்கள். முந்திய தலைமுறையினர் துப்பாக்கி ஏந்திய வயதில் இவர்கள் கிதார் ஏந்த முடிந்தது அதனாலேயே.

இரண்டாவது, கல்வி. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பயனாக இடைநிலைக் கல்வி கட்டணமின்றிக் கிடைத்தது. நகராட்சி வீட்டில் வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளையான மெக்கார்ட்னி, பதினொன்றாம் வயதுத் தேர்வில் வென்று, புகழ்பெற்ற லிவர்பூல் இன்ஸ்டிடியூட் பள்ளியில் பயின்றார். மூன்றாவது, எளிய இசை. 1956இல் லானி டானகனின் பாடலொன்று பெற்ற வெற்றியால் ‘ஸ்கிஃபில்’ என்னும் இசைவகை நாடெங்கும் பரவியது. மலிவான ஒரு கிதார், துணி துவைக்கும் பலகை, தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டு நாண் கட்டிய ஒரு கருவி ஆகியவை இருந்தால் போதும். பதினைந்து வயதுப் பையன்கள் ஒரு குழுவாகிவிடலாம். அத்தகைய குழு ஒன்றோடுதான் 1957 ஜூலை 6இல் உல்டன் பகுதியின் புனித பேதுரு தேவாலயத் திருவிழாவில் லெனன் பாடினார். அன்றே அவரும் மெக்கார்ட்னியும் முதன்முதலாகச் சந்தித்தனர்.

நான்காவது, பேருந்து. பென்னி லேன் என்பது பாடலில் ஒரு தெருவின் பெயராக வந்தாலும், ஊரார் வழக்கில் அது பேருந்துகளும் டிராம்களும் வந்து கூடும் ஒரு சந்திப்பின் பெயர். நண்பர்கள் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் செல்லவும், நகருக்குள் போகவும் அங்கே இறங்கி வண்டி மாறிக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் சிறுவனுக்குக் கடைத்தெருவே காட்சி. முடிதிருத்தகமும் வங்கியும் வட்டத்தின் நடுவே நின்ற நிழற்கூரையும் மனத்தில் பதிந்தது இவ்வாறுதான். வேலையின்றி நின்ற பொழுதே பின்னாளில் பாடலாயிற்று.

திரும்ப இயலாமை

இனி நம் முதல் வினாவுக்கு வருவோம். இருபத்தைந்தை ஒட்டிய வயதில் இவர்கள் பின்னோக்கிப் பார்க்க நேர்ந்தது ஏன்? ஆண்டுகளின் எண்ணிக்கையால் அன்று. திரும்பும் வழி அடைபட்டமையால் என்பதே விடை.

ஒருபுறம், புகழ் வழியை அடைத்தது. லிவர்பூலின் கேவர்ன் என்னும் நிலவறை மன்றத்தில் ஏறத்தாழ முந்நூறு முறை பாடிய இவர்கள், 1963 ஆகஸ்டில் அங்கே இறுதியாகப் பாடிவிட்டு இலண்டனில் குடியேறினர். அதன்பின் பென்னி லேன் நிறுத்தத்தில் ஒரு சாதாரண இளைஞராக நின்று பேருந்துக்குக் காத்திருப்பது அவர்களால் இயலாததாயிற்று. தெரு அங்கேயே இருந்தது. அதில் முன்போல நடக்கும் உரிமை போய்விட்டது.

மறுபுறம், நகரமே மாறிக்கொண்டிருந்தது. 1893இல் தொடங்கிய உயர்மட்ட இரயில்பாதை 1956இன் இறுதியில் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. 1957 செப்டம்பரில் கடைசி டிராம் ஓடியது. பழைய குடியிருப்புகள் தகர்க்கப்பட்டு மக்கள் புறநகர்களுக்கும் புதுநகர்களுக்கும் அனுப்பப்பட்டனர். கப்பல் சரக்குகள் கண்டெய்னர்களுக்கு மாறியபோது ஆயிரக்கணக்கான துறைமுகத் தொழிலாளர்க்கு வேலை இல்லாமற்போயிற்று; புகழ்பெற்ற ஆல்பர்ட் கப்பல்துறை 1972இல் மூடப்பட்டது. 1931இல் எட்டரை இலட்சத்திற்கு மேற்பட்டிருந்த நகரின் மக்கள்தொகை 2001இல் ஏறத்தாழ 4.4 இலட்சமாகக் குறைந்தது. இப்பாடல்கள் எழுந்த காலம் அச்சரிவின் தொடக்க காலம். ஆகவே லெனனின் முதல் வரைவில் இடிந்த இரயில்பாதை இடம்பெற்றது தற்செயலன்று. தொடித்தலை விழுத்தண்டினாரின் உடல் மூத்தது. குளம் மூத்ததாக அவர் கூறவில்லை. லிவர்பூல் இளைஞர் உடலால் மூக்கவில்லை. அவர்களின் குளமே வற்றத் தொடங்கியிருந்தது.

நினைவின் இலக்கணம்

திரும்ப இயலாத இடத்தை நினைவு எவ்வாறு மீட்டுக் கட்டுகிறது என்பதை இப்பாடல்களின் அமைப்பே காட்டுகிறது. ‘பென்னி லேன்’ பாடலில் வானம் நீலமாக இருக்கிறது. அதே பாடலில் மழையும் கொட்டுகிறது. போரில் மாண்டாரை நினைவுகூரும் பாப்பி மலர் அந்நாட்டில் நவம்பரில் விற்கப்படுவது. பாடலின் ஒளியோ கோடைக்குரியது. தீயணைப்பு நிலையமும் அத்தெருவில் இல்லை. அரைமைல் அளவு தள்ளி வேறொரு சாலையில் உள்ளது. ஆண்டு முழுதும் கண்டவற்றையும் பல தெருக்களில் கண்டவற்றையும் ஒரே நாளில் ஒரே தெருவில் நிறுத்துகிறது நினைவு. இதனைப் பிழை என்று திருத்த முனைவோர் நினைவின் இலக்கணம் அறியாதவர்.

‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்’ பாடலின் இசையமைப்பு இன்னும் நுட்பமானது. சுருதியிலும் காலப்பிரமாணத்திலும் வேறுபட்ட இரண்டு ஒலிப்பதிவுகளுள், ஒன்றன் தொடக்கத்தையும் மற்றொன்றன் பிற்பகுதியையும் இணைக்குமாறு லெனன் வேண்டினார். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் நாடாக்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் இரண்டையும் ஒட்டினர். ஏறத்தாழ ஒரு நிமிடம் சென்றபின் வரும் அவ்வொட்டு, செவிக்கு எளிதில் புலப்படுவதில்லை. பொருந்தாத இரு காலங்களைத் தையல் தெரியாமல் பொருத்துவது நினைவின் தொழில். இங்கே அதனைக் கருவியே செய்தது. அப்பாடல் பாடும் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்’, இரட்சணிய சேனை 1936 முதல் நடத்திய சிறுவர் இல்லம். அதன் தோட்டத்தில் லெனன் விளையாடினார். பெற்றோர் அரவணைப்பை முழுமையாகப் பெறாத சிறுவன் ஒருவனுக்கு, ஆதரவற்றோர் இல்லத்தின் தோட்டமே இன்பத்தின் இருப்பிடமாயிற்று என்பது எண்ணத்தக்கது.

தெரு மறந்தது

நினைவு ஒதுக்கிவைத்தவை தனிமனிதத் துயரங்கள் மட்டுமல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அடிமை வாணிகத்தில் பிரிட்டனின் தலைமைத் துறைமுகமாக விளங்கியது லிவர்பூல். அவ்வாணிகம் 1807இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அதற்குமுன் அதனை ஆதரித்துச் சாட்சியம் அளித்தவர்களுள் ஜேம்ஸ் பென்னி என்னும் கப்பல் உரிமையாளரும் ஒருவர். தெருவின் பெயர் அவரிடமிருந்தே வந்தது என்ற கருத்துப் பரவியது. அடிமை வாணிகரின் பெயர்தாங்கிய தெருக்களுக்கு வேறு பெயரிட வேண்டும் என்னும் பேச்சு 2006இல் எழுந்தபோது, பென்னி லேனும் அவ்வழக்கில் சிக்கியது. 2007இல் லிவர்பூலில் திறக்கப்பட்ட அனைத்துலக அடிமைமுறை அருங்காட்சியகமும் இத்தெருவைத் தன் காட்சியில் சேர்த்திருந்தது. 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டதை ஒட்டி எழுந்த கிளர்ச்சிக் காலத்தில், அத்தெருவின் பெயர்ப் பலகைகள்மீது மை பூசப்பட்டது. பின்னர் அருங்காட்சியகம் ஆவணங்களை மீண்டும் ஆராய்ந்து, இருவகைப் பெயர்க்கும் தொடர்புண்டு என்பதற்குச் சான்றில்லை எனக் கண்டு, காட்சியிலிருந்து அதனை நீக்கியது.

பெயர் விடுவிக்கப்பட்டது, நகரின் பொறுப்பு விடுவிக்கப்படவில்லை. சிறுவர்கள் பேருந்துக்குக் காத்திருந்த செல்வ நகரின் அடித்தளத்தில் பிறர் இழந்த இளமைகள் புதைந்திருந்தன. பாடல் அதனைக் கூறவில்லை என்று பாடலைக் குறைகூற வேண்டுவதில்லை. பாடல் கூறாததைக் கூறுவதே வரலாற்றின் கடமை.

பாடல் காத்த நகரம்

விந்தை என்னவெனில், மறைந்துகொண்டிருந்ததைப் பாடிய பாடலே பின்னர் அதனை மறையாமற் காத்தது. பென்னி லேனின் பெயர்ப் பலகைகளை நினைவுப் பொருளாகத் திருடிச் செல்வோர் மிகுந்தமையால், நகராட்சி பெயரைச் சுவர்களில் வண்ணத்தால் எழுத நேர்ந்தது. இரயில்பாதைப் பணிக்காகக் கேவர்ன் மன்றம் 1973இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. 1984இல் அவ்விடத்தை ஒட்டியே மீண்டும் எழுப்பப்பட்டது. மெக்கார்ட்னி குடும்பம் வாழ்ந்த ஃபோர்த்லின் சாலை வீட்டை, மாளிகைகளைப் பேணும் தேசிய அறக்கட்டளை 1995இல் பெற்றுப் போற்றத் தொடங்கியது. லெனன் வளர்ந்த வீடும் 2003இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. எளிய நகராட்சி வீடொன்று அரண்மனைகளின் வரிசையில் இடம்பெற்றது பாடலால் விளைந்த பெருமை. 2005இல் மூடப்பட்ட ஸ்ட்ராபெரி ஃபீல்ட் இல்லம், 2019இல் பார்வையாளர் கூடமாகவும், கற்றல் இடர்ப்பாடுடைய இளைஞர்க்குத் தொழிற்பயிற்சி தரும் நிலையமாகவும் மீண்டும் திறக்கப்பட்டது. ஒருவரின் நினைவு வேறு இளைஞர்க்கு வாழ்வாயிற்று. இதுவே இவ்வரலாற்றின் மிக இனிய பகுதி.

நிறைவாக

இளமையை நினைவூட்டும் பாடலைக் கேட்கும்போது நாம் நம் கடந்த காலத்தையே கேட்பதாக எண்ணுகிறோம். உண்மையில் நாம் கேட்பது, துயர் நீக்கி, மழையையும் வெயிலையும் ஒன்றாக்கி, பல தெருக்களை ஒரு தெருவாக்கிப் புதிதாகக் கட்டிய ஒரு காலத்தை. அது பொய்யன்று, ஆனால் முழுமையும் அன்று. அதனை எழுதத் தூண்டுவது முதுமையன்று, திரும்பும் வழி அடைபடுதல் என்பதை லிவர்பூல் இளைஞர் இருவரின் வரலாறு காட்டுகிறது. போரால் ஊரிழந்த பதினெட்டு வயதினரும், அணைக்கட்டின் நீரில் தம் சிற்றூர் மூழ்கக் கண்ட சிறுவரும் இதே ஏக்கத்தை உணர்வர்; அவர்கள் நரை தோன்றும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

பத்தாண்டுகளைத் திரும்பிப் பார்க்கும் இம்மலரின் வாசகர்க்கு இதில் ஒரு குறிப்பு உண்டு. பாடலைப் பாடலாகச் சுவைப்போம். அது விட்டுச்சென்ற வெற்றிடங்களையும் கேட்போம். ‘பென்னி லேன்’ தெருவில் ஒளி இருக்கிறது. அவ்வொளியில் நிற்க வேண்டிய இரு தாயர் இல்லை. அவ்விரண்டையும் ஒருசேர அறிந்தவரே அப்பாடலை முழுமையாகக் கேட்டவர் ஆவர்.